மரை கழன்றவன்

உயுனியில் இரவு எட்டு மணிக்கே
வாளித் தண்ணீரில் ஏடு கட்டிவிடும்.
சாத்துர்னினாவின் பட்டறையில் என் வண்டி
பின் இடது காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
விடிகாலை நாலரைக்கு
விடுதி வாசலில் நான்கு கொரியர்கள் காத்திருப்பார்கள்.
உப்புவெளியில் சூரியன் எழுவதற்கு
முன்பணம் கட்டியிருக்கிறார்கள்.

ஷாக் அப்சார்பர் மாற்றவேண்டும், அவ்வளவுதான்.
மேல் நட் சொன்ன சொல் கேட்டது.
கீழ் நட் சுற்றுகிறது.
வலப்புறம் திருப்பினால் சுற்றுகிறது.
இடப்புறம் திருப்பினாலும் சுற்றுகிறது.
நகராட்சியில் கொடுத்த மனு மாதிரி
எல்லோர் கையிலும் சுற்றிவிட்டு
இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பதினோரு வருஷம் உப்புத் தின்ற வண்டி.
அடியில் படுத்தால் வாயில் உதிர்வது
துருவா உப்பா தெரியாது,
இரண்டும் ஒரே மாதிரி கரிக்கும்.

டீசல் ஊற்றிப் பார்த்தான் யோமார்.
பக்கத்து டயர் கடைக்காரர் கோலா ஊற்றச் சொன்னார்,
தானே வாங்கிவந்து
பாதியைத் தானே குடித்தார்.
காஸ் வைத்தால் ரப்பர் புஷ் எரியும்.
கிரைண்டர் வைக்கலாம் என்றால்
ஒரு சாண் தள்ளி பெட்ரோல் குழாய்.
நட்டுக்குப் பின்னால் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி
சாத்துர்னினா நெம்பிக்கொண்டே இருந்தாள், நான் திருப்பினேன்.
பல் பிடிக்கிற மாதிரி இருந்தது.
ஸ்பேனர் வழுக்கியது.
என் விரல் முட்டிகள் நான்கும்
சேசிஸைப் பார்த்துவிட்டு வந்தன.
ஆறு முனையும் மழுங்கி
நட் இப்போது கூழாங்கல்.

"எவன் இதை மாட்டினவன்?"
கேட்டது என்னையல்ல, வண்டியின் வயிற்றை.
"மரை கழன்ற பயல்!
அவன் மோதிரம் அவன் விரலோடு இறுகிப்போக!"
நானும் சேர்ந்துகொண்டேன்.
மூன்று மணி நேரம் அந்தப் பயலை
பேர் ஊர் தெரியாமலே திட்டித் தீர்த்தோம்.
ஒரு கட்டத்தில் எனக்கு அவன் முகம்கூடத் தெரிந்தது:
ஒரூரோ பக்கத்து ஆள், சின்னக் கண்,
காசை எண்ணி வாங்கிக்கொண்டு
நட்டை எண்ணாமல் போகிறவன்.

பதினொன்றரைக்கு அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.
ஒரு சீசாவைத் திறந்தாள்.
முதல் துளிகள் மண்ணுக்கு.
அடுத்தது நட்டுக்கு.
மிச்சம் தனக்கு.
பிறகு உளியை எடுத்து
நட்டின் விலாவில் வைத்து அடித்தாள்,
அவசரமில்லாமல்,
ஆள் உள்ளே இருப்பது தெரிந்து
கதவைத் தட்டுகிறவள்போல்.

டக்.

இரண்டாய்ப் பிளந்து விழுந்தது.
கூடவே இன்னொன்றும் விழுந்தது,
நகத்தகலத்தில் ஒரு தகரச் சுருள்.
யோமாருக்கு விளக்கில் காட்டினாள்:
"பார், அரை அங்குல நட்டு,
பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட்டில்.
ஆடியிருக்கிறது, தகரம் சுற்றியிருக்கிறான்."
தகரத்தில் நீலம்.
நீலத்தில் பாதி மீன்,
கண் இருக்கும் பாதி.

போன ஆகஸ்ட்.
காற்று வண்டியையே தூக்கப் பார்த்த இரவு.
ஊருக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர்.
உள்ளே ஒரே போர்வைக்குள் இரண்டு பிரேசில் பெண்கள்,
ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
எங்கோ உப்பில் கழன்று விழுந்த நட்டுக்குப் பதில்
பெட்டியில் அகப்பட்டதை மாட்டினேன்.
சார்டைனை அவர்களுக்குக் கொடுத்தேன்,
டப்பாவை நான் வைத்துக்கொண்டேன்.
விடிந்ததும் மாற்றுவதாகத்தான் இருந்தேன்.

மீன் என்னையே பார்த்தது.
வீங்கிய விரலில் மோதிரத்தை ஆட்டிப் பார்த்தேன்,
அசையவில்லை.

"எவனோ," என்றேன்.
"எவனோ," என்றாள் சாத்துர்னினா,
புது நட்டை விரலாலேயே ஏற்றிக்கொண்டு.
அது சத்தமில்லாமல் ஏறியது.
கூலியில் அவள் எதையும் கூட்டவில்லை.
யோமாருக்குப் பாடம் சொல்ல
அந்த இரண்டு துண்டுகளையும் தேடினாள்.
அவை என் பையில் கனத்தன.

வாசல் வாளியில் ஏட்டை முழங்கையால் உடைத்து
ஒரு குவளை தண்ணீர் குடித்தேன்.
பல்லெல்லாம் கூசியது.
இன்னொரு குவளையும் குடித்தேன்.