மறுப்பு மனு

மேன்முறையீட்டில் பேரின்பத்துக்கு விடுதலை.
சட்டத்தரணி சொல்லி முடியுமுன்
அம்மா போனை என் கையில் தந்துவிட்டு
மீன் கழுவப் போனாள்.

கத்தியில் இருந்தது அவன் ரேகை இல்லையாம்.
கண்ட சாட்சி அன்றைக்கு
களுவாஞ்சிகுடியிலேயே இல்லையாம்.

"அப்ப பதினொரு வருசமா
நான் மண்ணள்ளித் தூத்தினது ஆருக்கு?"
அப்பா முற்றத்தைப் பார்த்துக் கேட்டார்.

மனுவில் எல்லாரும் ஒப்பமிட்டோம்.
என் முறையில் பேனை நின்றது.
மை முடிந்துவிட்டதென்று உதறினேன்.
எழுதியது.

நேற்று கல்முனை பஸ்ஸில் அவன்.
பிடரியெல்லாம் நரை.
என்னைக் கண்டதும் எழும்பி
இடம் விட்டான்.

நான் இருக்கவில்லை.
அவனும் திரும்ப இருக்கவில்லை.
பெரியகல்லாற்றுப் பாலம் கடந்து
நீலாவணையில் மரக்கறிக் கூடையோடு ஒருத்தி ஏறி
"ஆருக்கும் வேணாமா புள்ள?" என்று
குந்தும்வரை
ஒரே கம்பியைத்தான் பிடித்து நின்றோம்.