திணை மயக்கம்

ஃபிரீஸ்லாந்தில், கடல்மட்டத்துக்கு
ஒன்றரை மீட்டர் கீழே
நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள் யிக்கே.
தலைக்கு மேலே
மீன்கள் போகவேண்டிய உயரத்தில்
அணைக்கரையில் ஒரு சைக்கிள் போகிறது,
விளக்கில்லாமல்.

பம்பு அறையின் பழைய கம்ப்யூட்டர்
செவ்வாய்க்கிழமை புகைந்து போனது.
அதன் வயிற்றிலிருந்த நிரல் பிழைத்தது.
தொண்ணூற்றேழில் டௌவே எழுதியது,
விண்டோஸ் தொண்ணூற்றைந்துக்கு,
அதற்கு மட்டும்.
எப்போது இறைப்பது எப்போது நிறுத்துவது
எல்லாம் அதற்குத்தான் தெரியும்.
டௌவே இப்போது போர்ச்சுகலில் ஆலிவ் வளர்க்கிறார்.
போனில் கேட்டார்:
"அந்தச் சனியன் இன்னுமா ஓடுது?"

இவளிடம் இருப்பது லினக்ஸ் மடிக்கணினி,
மூடியில் பாதி உரிந்த ஸ்கேட்டிங் கிளப் ஸ்டிக்கர்.
நிரலுக்கும் எந்திரத்துக்கும் நடுவே
ஒரு துபாஷியை உட்காரவைத்தாள்.

சி டிரைவ் எங்கே? என்றது நிரல்.
இதோ, என்றது துபாஷி
ஏதோ ஒரு ஃபோல்டரைக் காட்டி.
பிளாப்பி இருக்கிறதா?
இருக்கிறது.
திரையில் எத்தனை நிறம்?
இருநூற்று ஐம்பத்தாறு.
எந்த ஊர், யார் வீடு என்று
அது கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் இருந்திருக்கும்.

முதல் ஓட்டத்தில் எழுத்தெல்லாம் கேள்விக்குறி.
ஆறாவதில் திறந்தது சாம்பல் ஜன்னல்,
நீல எண்கள்,
மைனஸ் ஒன்று புள்ளி ஐந்து இரண்டு.
வெளியே பம்பு இருமி, செருமி, பிடித்துக்கொண்டது.
ராத்திரி இரண்டேகால்.
ஆறிய காபியைக் குடித்துவிட்டு
பூட்டிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை காலை கெர்பென் கூப்பிட்டார்.
"என் ஆடுகள் முழங்கால் தண்ணீரில் நிற்கின்றன.
கோபமெல்லாம் இல்லை.
சொல்லலாமே என்று."

பதிவேட்டில் ஒரு பிழையும் இல்லை. துடைத்துவைத்த மாதிரி.
மூன்று நாற்பதுக்கு நிரல் சொல்லியிருக்கிறது:
கம்பித் தடுப்பில் பாசி, நீர் ஏறுகிறது,
இரவுக் காவலுக்குப் போன் போடு.
போட்டாயிற்று, என்றிருக்கிறது துபாஷி.
எந்தப் போன்?
அந்த மோடம் பழைய பெட்டியோடு
குப்பைக் கிடங்கில் கிடக்கிறது.
துபாஷியைச் செய்தவர்கள்
அந்த வாக்கியத்துக்கு வந்தபோது
பசியோ தூக்கமோ,
அர்த்தம் எழுதாமல்
"ஆமாம் சாமி" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
நாலு மணிக்கு மறுபடி. போட்டாயிற்று.
பதினொரு முறை.
பதினொரு முறையும் நிரல் நம்பியிருக்கிறது
யாரோ எழுந்துவிட்டார்கள்,
இருட்டில் பூட்ஸைத் தேடுகிறார்கள்,
வந்துகொண்டிருக்கிறார்கள் என்று.

நீளவாரியால் பாசியை இழுத்துப் போட்டாள்.
கூடவே வந்தன ஒரு பந்து,
ஒரு பால் டப்பா, யாருடையதோ பாதிக் குடை.
திட்டத்தான் நினைத்தாள் துபாஷியை.
வரவில்லை.

இந்த ஊரே அப்படித்தானே.
கடலுக்கென்று செய்த தரையில்
உருளைக்கிழங்கை ஓட்டுகிறார்கள்.
கணக்குப்படி நெய்தல்; கண்ணுக்கு மருதம்.
வேர் கேட்கிறது: இது நிலம்தானே?
ஆமாம், என்கிறது பம்பு,
நிமிடத்துக்கு நாற்பது கன மீட்டர்
ஆமாம்.
நிறுத்தாமல் சொல்லும்வரை
அது பொய்யில்லை.
நிறுத்தினால்
ஆட்டின் முழங்காலுக்குத் தெரிந்துவிடும்.

அன்றிரவு துபாஷியைப் பிரித்தாள்.
ஆமாம் இருந்த இடத்தில்
தன் கைப்பேசி எண்ணை எழுதினாள்.
ஒரே ஒரு வரி.
கீழே ஒரு குறிப்பு எழுத ஆரம்பித்து
அழித்தாள்.

வியாழன் விடியுமுன் போன் அடித்தது.
உணர்கருவிமேல் ஒரு நாரை உட்கார்ந்திருந்தது
என்பது பிறகுதான் தெரியும்.
போர்வைக்குள்ளிருந்து வோபே கேட்டான்:
"இந்நேரத்துக்கு யாரு?"
"தொண்ணூற்றேழு" என்றாள்.

கட்டிலுக்கடியில் துழாவியதில்
ஒரு பூட்ஸ்தான் கிடைத்தது.