அரை வரி

முகத்துவாரத்தில், ஆறு கடலுக்குள் போகும் இடத்துக்கு
நாலு மதில் இந்தப் பக்கம்,
பருப்பும் சீனியும் அடுக்கிய பதினோராம் இலக்கக் குதம்.
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
அதற்கு நான் காவல்.
எனக்கு இந்த நாவல்.
கொட்டாஞ்சேனை நூலகத்தில் எடுத்தது,
வியாழக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முதல் இருநூறு பக்கமும் நான் வஸ்தியானின் ஆள்.
அவன் ஓடி ஒளிந்த சந்தெல்லாம்
நான் பஸ்ஸுக்கு நடக்கும் சந்து.
துறைமுகக் கூலிகளுக்காக ஒன்பது மனு எழுதினான்,
மனு எழுதுவதற்கென்றே எழுத்துப் படித்தவன்.
ஒன்பதாவதை வெள்ளைக்காரத் துரை
மேசைக்கால் ஆடாமலிருக்க மடித்து வைத்தபோது
பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டு
எழுந்து நின்றேன்.
"கொளுத்தடா" என்றேன், சத்தமாகவே.
லொறிக்கடியில் படுத்திருந்த நாய்
தலையைத் தூக்கிப் பார்த்தது.

கொளுத்தினான்.
காற்று எந்தப் பக்கம், பொலிஸ் ரோந்து எத்தனை மணிக்கு,
தண்ணீர் வண்டிக் குதிரைகள் எந்த லாயத்தில்,
திட்டம் மட்டும் ஆறு பக்கம்.
அரிசிக் குதம் மூன்று நாள் எரிந்தது.
"காவல்காரன் ஒருவனைத் தவிர
உயிர்ச்சேதம் எதுவுமில்லை."

அரை வரி.
அடுத்த பந்தியில் கூலி நாலு சதம் கூடுகிறது.
சனங்கள் அவனைத் தோளில் தூக்குகிறார்கள்.

பின்னால் புரட்டித் தேடினேன்.
நூற்று எண்பத்தெட்டில் ஆள் இருக்கிறான்.
மழைக்கு ஒதுங்கிய வஸ்தியானின் சுருட்டுக்கு
நெருப்புக் கொடுக்கிறான். இருமுகிறான்.
மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாகச் சொல்கிறான்.
பேர் மட்டும் சொல்லவில்லை,
யாரும் கேட்கவுமில்லை.

ஆக, தெரியும் வஸ்தியானுக்கு.
உள்ளே யார், எந்த மூட்டையில் தலைவைத்துப் படுப்பான்,
எல்லாம் தெரியும்.

பக்கத்து ஓரத்தில் பென்சிலால் யாரோ:
"வேறு வழி இல்லை."
அழகான கையெழுத்து. படிக்கிற பையனாக இருக்கலாம்.
கதை எழுதியவர் தன் பங்குக்குச் சொல்கிறார்:
அன்றிலிருந்து வஸ்தியான்
சுருட்டைத் தொடவேயில்லையாம்.
செத்தவனுக்கு அதில் என்ன?

வரவுப் புத்தகத்தில் நூலால் கட்டியிருந்த பேனையை இழுத்து
பையனின் வரிக்குக் கீழே எழுதினேன்:
"கதவு இருந்தது."
குதமென்றால் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு
எப்போதும் இருக்கும்.
தட்டியிருக்கலாம்.
"அண்ணே, எழும்பிப் போ" என்றிருக்கலாம்.

எழுதி முடித்தபிறகுதான்
அந்தத் தட்டல் எனக்கே கேட்டது.

இரண்டு மாதச் சம்பளம் நிலுவை.
கொம்பனிக்காரர் கார்க் கண்ணாடியை
இறக்கிக்கூடப் பேசுவதில்லை.
இருந்தும் ஒருவன் வந்து
"அண்ணே, கொளுத்தப்போகிறேன், விலகு" என்றால்
நான் விலகேன்.
விசிலை எடுத்து ஊதுவேன்,
ஆமர் வீதிவரை கேட்க ஊதுவேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
கை அப்படித்தான் போகும்.

வஸ்தியானுக்கு அதுவும் தெரிந்திருக்கும்.
நெருப்புக் கொடுத்தவனின் கழுத்தில்
விசில் தொங்குவதைப் பார்த்திருப்பான்.
மழை விட்டபின்னும் கொஞ்ச நேரம் நின்றானே
அந்தப் பக்கத்தில்,
எதற்கென்று எழுதியிருக்கவில்லை.

பேனை மையை அழிக்க முடியாது.
பையனின் வரியை வெட்டவும் மனம் வரவில்லை.
நூலகத்துப் பெண்
தண்டம் கேட்டால் கட்டவேண்டியதுதான்.

மணி மூன்றேகால்.
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஒன்று
கழுத்தைத் திருப்பும் சத்தம்.
விசிலைக் கழற்றி
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்து மூடினேன்.
புத்தகம் சரியாக மூடவில்லை.