மேலதிக அம்புக்குறி

லிப்டன் சுற்றுவட்டம். மழை.
நிஸ்தாரின் த்ரீவீலுக்குள், என் மடியில்
திருத்தி முடியாத நாற்பத்தொரு விடைத்தாள்.

வட்டத்தில் ஓடும் காருக்கு
சுட்டெண் முப்பத்திரண்டு நான்கு அம்பு கீறியிருக்கிறது:
கீழே நிறை. மேலே செவ்வன் மறுதாக்கம்.
மையம் நோக்கி உராய்வு.
அதற்குப் பக்கத்திலேயே, அதே திசையில்,
எல்லாவற்றையும்விடத் தடிப்பாய் ஒன்று:
மையநாட்ட விசை.

சிவப்புப் பேனையை எடுத்தேன்.
அப்படித் தனியாக ஒன்றில்லை, தம்பியோ தங்கச்சியோ.
யார் இழுத்தாலும் யார் தள்ளினாலும்
கூட்டிக் கழித்து மிஞ்சுவது விளையுள்.
அது மையத்தைப் பார்த்து நின்றால்
அந்த வேலைக்குத்தான் மையநாட்டம் என்கிறோம்.
காவற்காரன் என்பது உத்தியோகம்; ஆளின் பெயர் வேறு.
கயிற்றில் சுழலும் கல்லுக்கு அந்த ஆள் இழுவை,
சந்திரனுக்கு ஈர்ப்பு,
இந்த வண்டிக்கு, நிஸ்தார் போன மாதமே மாற்றியிருக்கவேண்டிய
மூன்று டயரின் உராய்வு.

எழுதவிடாமல் வண்டி வளைந்தது.
தோள் இடப்பக்கக் கம்பியில் போய் மோதியது.
வெளியே எறியுது என்றது உடம்பு.
இல்லை.
நான் நேரே போகப் பார்த்தேன், அவ்வளவுதான்,
தொடலி வழியே, நகர மண்டபத்து வெள்ளைத் தூண்களுக்கு.
கம்பிதான் உள்ளே தள்ளியது.

யூனியன் பிளேஸ் பக்கம் பஸ் ஒன்று குறுக்கே.
"இன்னொரு ரவுண்ட் அடிப்பம், மிஸ்."

முள் அதே இருபதில்.
கதி மாறவில்லை, ஆனாலும் ஆர்முடுகுகிறோம்;
திசை மாறினாலே போதும்.
பரீட்சையில் இதை எழுதினால் இரண்டு புள்ளி.
வெள்ளவத்தை, பொரளை, திரும்ப வெள்ளவத்தை என்று
பத்து வருஷம் அதே கதியில் போய்வந்த எனக்கு
யாரும் போடவில்லை.

என்னைச் சுற்றவைப்பது எது?
தேடிப்பார்த்தேன், தனி அம்பு கிடைக்கவில்லை.
வாடகை. ரொறொன்ரோவிலிருந்து அண்ணாவின் வொய்ஸ் மெசேஜ்,
நான்கு நிமிஷம், இன்னும் கேட்காதது.
ஐந்து மணி வகுப்பு. கடல் தெரியும் ஒற்றை ஜன்னல்.
ஒன்றையொன்று வெட்டிக்கொண்டவை போக
ஏதோ மிச்சம், கொழும்பைப் பார்த்தபடி.

தாளைக் குனிந்து பார்த்தால்
வளைவில் கை நழுவிய சிவப்புக் கோடு
நாலாவது அம்பை அறுத்துக்கொண்டு
ஓரம்வரை ஓடியிருக்கிறது,
ஏறக்குறைய நேராய்.

அம்புக்கு வெட்டு.
உராய்வின் திசைக்கு ஒரு புள்ளி,
நனைந்த மூன்று டயருக்கும் சேர்த்து.