நடுப்பாகம்

ஐந்து நாற்பதுக்கு ஆரம்பாக்கத்தில் கம்பெனி பஸ்.
கொஞ்ச நேரத்தில் எல்லை.
அதன்பின் கடைப்பலகைகளில்
எழுத்தெல்லாம் தலைக்கட்டு கட்டிக்கொள்ளும்.
புரோட்டாக் கல் மட்டும் அதே சத்தம்.

தசரதன் கொண்டுவந்தான் அந்த நாவலை.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
கும்மிடிப்பூண்டி பழைய பேப்பர் கடையில்
எடைக்கு வாங்கியது.
முப்பது ரூபாய் என்றான், பிறகு நாற்பது என்றான்.
"யாராவது படிச்சிட்டு சொல்லுங்க,
நல்லா இருந்தா நானும் படிக்கிறேன்."

யார் முதலில் என்று மூன்று நாள் தகராறு.
நான்காம் நாள் அஞ்சலாட்சி
பேக்கிங் பிளேடை எடுத்தாள்.
முதுகில் இரண்டு கீறல்,
ஆளுக்கொரு பாகம், தசரதனுக்கும் சேர்த்து.
ரப்பர் பேண்டு கம்பெனியுடையது.

எனக்கு ஆரம்பம் விழுந்தது.
"அந்த சர்வேயர் தங்கமான ஆளு" என்றேன்.
"தங்கமா? தம்பி நெலத்துல
கல்லை நகர்த்துனவன்டி அவன்"
நடுவிலிருந்து கத்தினாள் அஞ்சலாட்சி.
கடைசிப் பாகத்துக்காரன் தசரதன்
ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்:
"நேத்து ராத்திரி அழுதுட்டேன்.
செத்தது யாருன்னுதான் தெரியல."

ஒரு மாதம் இதே பேச்சு.
வளவளா என்றான் ஃபோர்க்லிஃப்ட் பிரபுதாஸ்,
ஒரு வரி படிக்காமல்.
அவன் தங்கச்சி சிபாரிசு செய்யும் கதைகளில்
முதல் பக்கத்திலேயே கொலை விழுந்துவிடுமாம்.
"மழைக்கு நாலு பக்கமா?
நனைஞ்சா ஒரு நிமிஷம்."
அந்த நாலு பக்கத்தால்தான்
முந்தின நாள் இறங்குமிடம் தவறி
ஒரு மைல் திரும்பி நடந்தேன்.
அவனிடம் சொல்லவில்லை.

தடாவில் ஏறுவாள் மஸ்தானம்மா.
தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் தெலுங்கு.
தமிழில் எழுத்துக்கூட்டத் தெரியாது.
டிரைவருக்குப் பின் சீட்டில் கண்ணை மூடி
எங்கள் சண்டையை மட்டும் கேட்டபடி வருவாள்.
ஒரு புதன்கிழமை திரும்பிக் கேட்டாள்:
"அந்த சர்வேயர் பொண்டாட்டி,
அவ எப்போ சாப்புட்டா?"

யாரும் பேசவில்லை.
ஒரு டேங்கர் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

அன்று ராத்திரி பென்சிலோடு உட்கார்ந்தேன்.
என் பாகத்தில் பதினோரு முறை உலை வைக்கிறாள்.
மீன் கழுவுகிறாள். பரிமாறுகிறாள்.
கை கழுவச் செம்பு நீட்டுகிறாள்.
விரல் சுட்டுக்கொள்கிறாள், அதற்கு ஒரு முழுப் பத்தி.
சாப்பிடவில்லை.
தசரதன் பாகத்தை வாங்கிப் பார்த்தேன்.
அங்கே எல்லோரும் சாப்பிடுகிறார்கள்,
அவளுடைய பதினாறாம் நாள் சாப்பாட்டை.

மீதி இருநூறு பக்கம் அஞ்சலாட்சியிடம்.
அவள் அதற்குள் ஒரகடத்துக்கு மாறிவிட்டாள்,
சம்பளம் ஆயிரத்து இருநூறு அதிகம்.
போனில் சிரித்தாள்.
"வீடு மாத்துறப்போ எங்க வெச்சேன்னு தெரியல.
ஆனா நல்ல புக்குடி, எல்லாருக்கும் சொல்லு."
"அவ சாப்பிட்டாளா?"
"யாரு?"

எழுதியவர் மறந்துவிட்டாரா,
வேண்டுமென்றே பட்டினி போட்டாரா,
பஸ் இதில் இரண்டாகப் பிரிந்தது.
பிரபுதாஸ்கூட ஒரு பக்கம் சேர்ந்தான்.
மஸ்தானம்மா மட்டும்
"நடுவுல தின்னிருப்பா" என்று
தன் டப்பாவைத் திறந்தாள்.
மணி இன்னும் ஆறரைகூட ஆகவில்லை.
பஸ் முழுக்க கோங்கூரா வாசம்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த யுவஸ்ரீ
நல்ல நாவல் இருந்தால் சொல்லுங்கள் என்றாள்.
இரண்டு கட்டையும் கொடுத்தேன்.
"நடுவுல காணோமேக்கா?"
"காணோம். படி."

திங்கட்கிழமை வந்தாள், கண் சிவந்து.
"சர்வேயர் பாவம்க்கா,
கடைசில சமைச்சுப் போடக்கூட ஆளில்ல."

முன் சீட்டில்
ஒரு தலை மெதுவாகத் திரும்பியது.