எர்த்து

காலை ஏழு மணிக்குக் குளிர் வரும்.
பத்தரைக்கு நின்றுவிடும்.
பிறகு ஊதுவது சோற்றுப்பானையின் ஆவி.

நேற்று நொவீனாவில் ஏறிய அம்மையார்
தோ பாயோ வருமுன்பே இறங்கிக்கொண்டார்.
மீட்டரில் நாலு வெள்ளி இருபது.
ஐந்தாகக் கொடுத்துச் சில்லறை வேண்டாமென்றார்.
அந்த எண்பது காசு இன்னும் உறுத்துகிறது.

"ராத்திரியில நல்லாத்தானே இருக்கு"
என்கிறான் மரியநாதன்.
மாலை ஐந்திலிருந்து வண்டி அவனுடையது.

கம்பெனிப் பட்டறையில் விட்டால்
வாடகையைத் தள்ளுவார்கள்,
வருமானத்தை யார் தருவார்?
ஆகவே ஈசூன், அடுக்குமாடிக் கார்நிறுத்தம், நாலாம் தளம்.
பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு
சுங்கை ரோட்டில் பதினைந்து வெள்ளிக்கு வாங்கிய மீட்டரோடு நிற்கிறேன்.

ஏழு வயது டீசல்.
இன்னும் பதினொரு மாதம், பிறகு ஸ்கிராப்.
இஞ்சின் ஓடும்போது
பக்கத்துக் காரின் கண்ணாடியும் சேர்ந்து நடுங்கும்.

ஃபியூஸ் எரியவில்லை.
ரிலேயைப் பிடுங்கி ஹாரனின் இடத்தில் செருகி அமுக்கினேன்;
கீழே ஏதோ நாய் பதில் சொன்னது.
ரிலேமேல் குற்றமில்லை.
பிரஷர் சுவிட்சின் இரு முனையையும்
ஒரு துண்டு ஒயரால் கோத்தேன்.
ஒரு 'டக்' வரவேண்டும்,
கிளட்ச் ஒட்டும் சத்தம்.
அது வந்தால் இஞ்சின் ஒரு கணம் தாழ்ந்து எழும்,
மூட்டையைத் தோள் மாற்றுகிறவனைப் போல.

வரவில்லை.

ஆறாம் மாடி கோ எட்டிப் பார்த்தார்.
"கேஸ் போயிருக்கும் லா."
எல்லாரும் முதலில் கேஸைத்தான் சொல்வார்கள்.

கிளட்ச் சாக்கெட்டில் இரண்டு ஊசியையும் வைத்தேன்:
எட்டு வோல்ட்.
பேட்டரியிலோ பதின்மூன்று புள்ளி எட்டு.
நடுவில் தின்றது யார்?

சிவப்பு ஊசியை அங்கேயே விட்டுக்
கறுப்பை மட்டும் பேட்டரியின் மைனஸுக்குக் கொண்டுபோனேன்.
பதின்மூன்று ஆறு.

போகிற வழி சரி.
திரும்புகிற வழியில்தான் கோளாறு.

கறுப்புக் கம்பியை விரலால் தொடர்ந்து போனால்,
இடப்பக்க ஹெட்லைட்டின் முதுகில்,
தகரத்தில் ஒரு பத்தாம் நம்பர் போல்ட்.
போல்ட் புதுசு.
தகரம் புதுசு.
நீலச் சாயம், மற்ற நீலத்தைவிட ஒரு பிடி அதிகம்.
ஏழு வருட அழுக்குக்கு நடுவே
அந்த ஒரு சாண் மட்டும்
இன்றுதான் ஷோரூமிலிருந்து வந்ததுபோல.

சுரண்டிப் பார்த்தேன்.
போல்ட்டுக்கும் தகரத்துக்கும் நடுவிலும் சாயம்.
சாயத்தில் கரண்ட் ஓடாது.

செப்டம்பரில் ஈப்போவுக்கு, சித்தி மகள் கல்யாணத்துக்கு,
மூன்று நாள் போயிருந்தேன்.
திரும்பி வந்தபோது
டாங்க் நிரப்பி, வண்டியைக் கழுவி,
டயருக்குக் கறுப்பு பூசிச் சாவி தந்தான்.
நான் நன்றி சொன்னேன்.

கம்பெனிக்குத் தெரிந்தால் இரண்டாயிரம் வெள்ளி பிடிப்பார்கள்.
அவன் மகளுக்கு அந்த மாதம்தான் பாலிடெக்னிக் பணம் கட்டவேண்டியிருந்தது.
காக்கி புக்கிட்டில் யார் தட்டி நிமிர்த்தினார்களோ.
யாரை இடித்தானோ.
இதையெல்லாம் மீட்டர் காட்டாது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
நீலம் போய், சாம்பல் போய், வெறும் இரும்பு வந்தது.
போல்ட்டை இறுக்கினேன்.

டக்.

இஞ்சின் தாழ்ந்து எழுந்தது.
ஸ்டியரிங் முன் உட்கார்ந்து
ஐந்து நிமிடம் முகத்தைக் காற்றில் காட்டினேன்,
சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

ஐந்து மணிக்கு மரியநாதன் வந்தான்.
"ஏர்கான்?"
"சரியாயிடுச்சு."
"என்ன கோளாறாம்?"
"எர்த்து."
அவன் பார்வை என்னிடம் வரவில்லை.
இடப்பக்க ஹெட்லைட் வரை போய்விட்டு
சாவிக்குத் திரும்பியது.
"கேஸ்னு நினைச்சேன்" என்றான்.
"எல்லாரும் அப்படித்தான்."

மறுநாள் விடியற்காலை
முள், முழு டாங்கில் நின்றது.
இந்த முறை நான் நன்றி சொல்லவில்லை.
குளிரைக் கூட்டி வைத்துக்கொண்டு
முதல் ஆளைத் தேடிப் போனேன்.