சுட்டுப்பெயர்

நோர்ஷோப்பிங் நகர மன்றத்தில் அமைச்சர் பேசினார்.
மேடையோரம், கறுப்புச் சட்டையில்,
காது கேளாதவர்களுக்குச்
சைகையில் பெயர்த்துக்கொண்டிருந்தேன்.

"சில சக்திகள்" என்றார்.
முஷ்டியை மடக்கினேன்.
"ஒரு குறிப்பிட்ட மனப்போக்கு" என்றார்,
எதுவென்று குறிப்பிடாமல்.
நெற்றியைத் தொட்டுச் சமாளித்தேன்.

பிறகு "அவர்கள்" என்றார்.

வாய்க்கு வசதி.
காற்றில் விட்டுவிடலாம் அந்தச் சொல்லை,
எவர் தலையில் இறங்கினாலும் பொறுப்பில்லை.
கைக்கு அப்படியில்லை.
எங்கள் மொழியில் "அவர்கள்" என்றால்
ஓரிடத்தைக் காட்டியாக வேண்டும்.

கூரையைக் காட்டினால் கடவுளாகிவிடும்.
கதவைக் காட்டினால் வெளியே போ என்றாகிவிடும்.
அமைச்சர் அதற்குள் அடுத்த வாக்கியத்தில் இருந்தார்:
"அவர்களை இனியும் பொறுக்க முடியாது."
விரல் தானாக இடப்பக்கம் போயிற்று.

மூன்றாம் வரிசை.
செனாத் ஹொஜிச்,
பேருந்துப் பணிமனையில் பெயின்ட் அடிப்பவர்,
மடியில் மகளின் ஒற்றைக் கையுறை.
வேறு யாரையோ என்று
பின்னால் திரும்பிப் பார்த்தார்.
பின்னால் சுவர்.

சைகை தெரிந்த ஏழெட்டுப் பேர்
அவரையே பார்த்தார்கள்.
கேட்கிறவர்கள் கைதட்டினார்கள்.

அமைச்சர் எவர் பெயரையும் சொல்லவில்லை.
நாளை யாராவது கேட்டால்
ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுவார்.
அதில் என் விரல் இருக்காது.

காப்பி இடைவேளையில் செனாத் வந்தார்.
தன் மார்பைத் தொட்டார், புருவத்தை உயர்த்தினார்:
நானா?

இல்லை என்றால்,
பின்னே யார் என்பார்.

சூடான கோப்பையை
இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடி
நின்றுகொண்டிருந்தேன்.